திரும்பிப் போகலாமா?



நம் மலையிலே கலியாணமான கையோடு பிழைப்புக்காகக் கீழே இறங்கின குடும்பங்கள் அநேகம். சிலர் சேலத்துக்குப் போனார்கள். சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனார்கள். பத்து, பதினைந்து வருஷம் கழித்துப் பிள்ளைகளோடு மலைக்குத் திரும்பி, இன்று நம்மோடு உட்கார்ந்து ஆராதிக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு உள்ளே ஒரு ஆசை. "நாங்க முதமுதல்ல குடித்தனம் வச்ச ஊரை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரணும் பிரதர்" என்பார்கள். உடனே பக்கத்தில் இருக்கிற ஒருவர், "லோத்தின் மனைவியை நினைச்சுக்கோங்க" என்பார். ஆசைப்பட்டவர் அதோடு வாயை மூடிக்கொள்வார்.

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு புருஷனும் மனைவியும் ஒன்றாக வாழத் தொடங்கின இடத்துக்குத் திரும்பிப் போக நினைப்பது மாம்சத்தின் ஆசையா, நன்றியுள்ள இருதயத்தின் ஆசையா? போனால் அங்கே எதைத் தேட வேண்டும்? இதற்கு வேதத்திலிருந்தும், நம் கொல்லிமலையில் உண்மையாக நடந்த ஒரு காரியத்திலிருந்தும் பதில் தேடலாம்.

முதலாவது லோத்தின் மனைவி. அவள் எதைத் திரும்பிப் பார்த்தாள்? தேவன் அழிக்கிற ஒரு பட்டணத்தை. எப்போது பார்த்தாள்? தப்பி ஓடுகிற வழியில், பார்க்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகு பார்த்தாள். அந்த ஒரு சம்பவத்தை எடுத்து, பழைய ஊரைப் பார்க்கிறவர்கள் எல்லார்மேலும் வீசக்கூடாது. அதே ஆதியாகமத்தின் 35-ம் அதிகாரத்தை வாசியுங்கள். யாக்கோபு தனியாளாக ஓடிவந்த நாளிலே கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்த பெத்தேலுக்கு, தேவனே அவனைத் திரும்பிப் போகச் சொல்கிறார். நகோமியும் எல்லாவற்றையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பி வந்தாள். திரும்பின எல்லாரும் உப்புத்தூண் ஆகவில்லை.

ஆனால் மோசம்போக்குகிற ஒரு திரும்பிப் பார்த்தலும் உண்டு. எண்ணாகமம் 11-ல் வனாந்தரத்தில் இருந்த ஜனங்களுக்கு எகிப்தின் ஞாபகம் வந்தது. என்ன ஞாபகம்? மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு. செங்கல் சுமந்த நாட்கள் ஞாபகம் வரவில்லை. முதுகில் விழுந்த அடி ஞாபகம் வரவில்லை. நைல் நதியில் போடப்பட்ட ஆண்பிள்ளைகள் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் முழுப்பொய் சொல்லாது. ருசியாக இருந்த பாதியை மாத்திரம் சொல்லிவிட்டு மீதியை மறைத்துவிடும்.

எங்கள் வீட்டுச் சங்கதியையே சொல்கிறேன். கலியாணமான புதிதில் நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் ஒரு ஒற்றை அறையில் இருந்தோம். அக்கம்பக்கத்தில் எந்நேரமும் தறிச் சத்தம். எனக்கு அந்த நாட்கள் என்றால் மொட்டைமாடிக் காற்றும், ராத்திரி இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டதும் ஞாபகம் வரும். என் மனைவியைக் கேட்டால் வேறு சொல்வாள். "எனக்கு ஞாபகம் இருக்கறது குழாயடிதாங்க. விடிகாலையில குடத்தை வரிசையில வச்சிட்டு, கைப்புள்ளையோட நிப்பேன். தண்ணி வருமா வராதான்னு தெரியாது" என்பாள். ஒரே அறை, ஒரே வருஷங்கள், ஆனால் ஞாபகம் இரண்டு. இரண்டும் உண்மைதான்.

ஆகவே தம்பதிகளே, பழைய ஊருக்குப் போகும் முன்னே ஒருவரை ஒருவர் கேளுங்கள்: "உனக்கு அந்த ஊரில் என்ன ஞாபகம்?" புருஷனுடைய இனிமையான ஞாபகத்துக்குள்ளே மனைவியின் கண்ணீர் புதைந்து கிடக்கலாம். மனைவி சந்தோஷமாகச் சொல்லும் கதைக்கு அடியில் புருஷன் யாரிடமோ கைகட்டி நின்ற அவமானம் இருக்கலாம். இதைக் கேட்காமல் போனால், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி இரண்டு வேறு ஊர்களுக்குப் போய் வந்ததுபோல ஆகிவிடும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய வாலிபர் 1907-ல் மிஷனெரியாக இந்தியாவுக்கு வந்தார். வெப்பநாடுகளின் வியாதிகளுக்கு மருந்து கொடுக்கக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர். கொல்லிமலை ஜனங்கள்மேல் அவருக்குப் பாரம். எவ்லின் ஹாரிஸ் என்ற பெண்மணி லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், படம் வரையக் கற்றவர். அவரும் ஊழியத்துக்காக இந்தியா வந்தார். 1913-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. மலையில் வாழவந்தி என்னும் இடத்தில் குடித்தனம் தொடங்கினார்கள்.

இன்றைக்கு நாம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறிவருகிறோம். அன்று சாலை கிடையாது. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் டோலியில் தூக்கிவர வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் மேலே தங்கமாட்டார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் மரப்பலகைகளைக் கீழே தயார்செய்து, ஆட்களை வைத்துத் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்து சின்ன வீடு ஒன்றைக் கட்டினார். கறையான் ஏறாதபடி வீட்டைத் தூண்கள்மேல் நிறுத்தி, தூண்களின் தலையில் கவிழ்த்துவைத்த சட்டிபோன்ற தட்டுகளைப் பொருத்தினார். கரண்ட் இல்லை, குழாய் இல்லை. அந்த வீடுதான் அவர்களுடைய அம்மாபேட்டை, அவர்களுடைய திருப்பூர்.

புதுத் தம்பதி அங்கே என்ன செய்தார்கள்? பல் பிடுங்கினார்கள், புண்ணுக்கு மருந்து போட்டார்கள். நரம்புச் சிலந்தி என்ற புழு வியாதி அப்போது இங்கே கொடுமையாக இருந்தது. குளத்திலும் படிக்கிணற்றிலும் ஜனங்கள் இறங்கித் தண்ணீர் எடுக்கையில், காலில் இருக்கும் புழு தன் குஞ்சுப்புழுக்களைத் தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்கு வியாதி பிடிக்கும். தோலுக்கு வெளியே எட்டிப்பார்க்கும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் இதைப் பொறுமையாகச் செய்ததோடு நிற்காமல், யாரும் கால் வைக்க முடியாதபடி சுவர் கட்டின கிணறுகளுக்கும் வழிசெய்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தச்சுவேலை, பழமரங்கள் என்று உழைத்தார்கள்.

ஆனால் வருஷக்கணக்காக ஒருவரும் சுவிசேஷத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. 1918, 1919-ம் வருஷங்களில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களை வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் இந்த மலைக்கும் வந்தது. வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த ஒரு பூசாரி சாகக் கிடக்கும்போது, தன் பெண்குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதற்குப் பிறகுதான் ஜனங்களின் மனம் திறந்தது.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் பால், 1914-ல் பிறந்தவர். 1923-ல் படிப்புக்காக இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டு, பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் மரித்துப்போனார். மலைக்காய்ச்சல் முற்றி, சிறுநீர் கறுத்துப்போகிற கொடிய காய்ச்சல் அது. அவருக்கு வயது 44. இந்த மலையிலேயே அடக்கம்பண்ணினார்கள். பதினான்கு வயது மகனுக்குத் தந்தியில் செய்தி போயிற்று. தகப்பனார் உயிரோடிருந்தபோது எழுதின கடிதம் கப்பலில் வந்து, மரணச் செய்திக்குப் பிறகுதான் அவன் கைக்குக் கிடைத்தது. அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு தாயாரைப் பார்த்தபோது, துக்கம் அவரை எவ்வளவு உருக்கியிருந்தது என்று மகன் திகைத்துப்போனார்.

எவ்லின் அம்மையாருக்கு அப்போது வயது 50. இங்கிலாந்திலேயே இருந்திருக்கலாம். ஆனால் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். மிஷன் அவரைக் கீழ்நாட்டில் ஊழியத்துக்கு வைத்தது. மனம் மலையில் இருந்தது. வயது ஏறிக்கொண்டே போயிற்று. 70-ஐ நெருங்கும்போது, ஓய்வுபெறும் வயதாகிவிட்டது என்று சொல்லி இன்னொரு ஐந்து வருஷத் தவணை கொடுக்க மிஷன் சம்மதிக்கவில்லை. கடைசியாக ஒரு வருஷம் கேட்டு வாங்கினார். அந்த வருஷம் முடிந்ததும், மிஷனிலிருந்து விலகிக்கொண்டு சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கு ஏறிவிட்டார். அப்போதிருந்து ஜனங்களுக்கு அவர் கிரானி பிராண்ட், அதாவது பிராண்ட் பாட்டி.

புருஷன் வீட்டுக்கு வரும் புதுப்பெண்ணை நாம் "வாழ வந்தவள்" என்று சொல்லுவோம். வாழவந்தி என்ற ஊர்ப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் ஞாபகம் வரும். அந்த அம்மா 1913-ல் வாழ வந்தவர். வயதான விதவையாக மறுபடியும் மலையேறியபோது, பார்த்தவர்கள் சாக வந்தவர் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் கால் நூற்றாண்டுக்கு மேலே வாழ்ந்து ஊழியம் செய்தார்.

இங்கேதான் நம் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அவர் எதைத் தேடி வந்தார்? புருஷனோடு வாழ்ந்த நாட்களை நினைத்து, கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க வந்திருந்தால் யாரும் குறைசொல்ல முடியாது. அதுவும் அன்புதான். ஆனால் அவர் வாழவந்தியோடு நிற்கவில்லை. தம்பதியாக இருந்த காலத்தில் இருவரும் ஒரு தீர்மானம் செய்திருந்தார்கள்: கொல்லிமலை மாத்திரம் அல்ல, சுற்றியுள்ள மலைகளையும் சேர்த்து ஐந்து மலைகளுக்குப் போக வேண்டும் என்று. அதற்குள்ளே புருஷன் போய்விட்டார். பாட்டியம்மா மலைக்குதிரைமேல் ஏறி, பச்சைமலைக்கும் கல்வராயன்மலைக்கும் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது. பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். மகன் பால் பிராண்ட் அதற்குள் வேலூரில் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் வழியைக் கண்டு உலகப்புகழ் பெற்றவர். அவர் போதும் அம்மா என்று கெஞ்சியும், தாயார் கீழே இறங்கச் சம்மதிக்கவில்லை.

மகன் பிற்காலத்தில் சொன்ன ஒரு காரியம் என் மனதில் ஆணி அடித்ததுபோல இருக்கிறது. கடைசி 20 வருஷங்கள் அந்த அம்மா தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவே இல்லையாம்.

பிரியமானவர்களே, கொஞ்சம் நிதானித்து இதை யோசியுங்கள். நாம் பழைய ஊருக்குப் போகும்போது பெரும்பாலும் அந்த ஊரையே கண்ணாடியாக ஆக்கிக்கொள்கிறோம். இந்தத் திண்ணையில் நான் இப்படி உட்கார்ந்திருந்தேன், இந்தத் தெருவில் நாம் எவ்வளவு அழகாக இருந்தோம் என்று, நம் இளமுகத்தைத்தான் அங்கே தேடுகிறோம். அது அங்கே இருக்காது. வீட்டை இடித்துக் கட்டியிருப்பார்கள், மரத்தை வெட்டியிருப்பார்கள். உடனே ஊர் கெட்டுப்போச்சு என்று சலித்துக்கொண்டு வருகிறோம். ஊர் கெட்டுப்போகவில்லை. நம் முகத்தைக் காட்ட அது கடமைப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். அங்கே வேறு ஜனங்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் பசி, கலியாணம், சாவு எல்லாம் நடக்கிறது.

பாட்டியம்மா தன் வாலிப நாட்களின் மலைக்குத் திரும்பி வந்து, தன் முகத்தைப் பார்க்காமல் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். அதனால்தான் மலை அவருக்கு ஏமாற்றமாகவில்லை. புருஷன் சுற்றின அதே நரம்புச் சிலந்தியை அவரும் எடுத்தார். தம்பதியாகச் செய்த வேலையைத் தனியாளாகத் தொடர்ந்தார்.

வெளிப்படுத்தின விசேஷம் 2-ம் அதிகாரத்தில் எபேசு சபைக்கு ஆண்டவர் சொல்வதைக் கவனியுங்கள். ஆதி அன்பை விட்டுவிட்டாய் என்று குறை சொல்கிறார். அதற்குப் பரிகாரம் என்ன சொல்கிறார்? ஆதியில் உண்டான உணர்ச்சியை மறுபடியும் வரவழை என்று சொல்லவில்லை. நினைத்துப் பார், மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிற கருத்தில் பேசுகிறார். உணர்ச்சியைத் தேடிப் போனால் கிடைக்காது. கிரியையைச் செய்யப் போனால் அன்பு அங்கே நமக்கு முன்னே வந்து நிற்கும். சபைக்குச் சொன்னது குடும்பத்துக்கும் பொருந்தும்.

இதைக் கேட்டுச் சிலர் நியாயமான கேள்வி கேட்கலாம். "அந்த அம்மா பிடிவாதக்காரி இல்லையா? மேலே இருக்கிறவர்கள் வேண்டாம் என்றும் போனாரே? சின்னப் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு மலைக்கு வந்தது சரியா?" இதற்கு நான் வழவழ என்று பதில் சொல்ல விரும்பவில்லை. பிள்ளைகளுடைய பிரிவு உண்மையான நஷ்டம். தகப்பனை மறுபடியும் பார்க்காமலே ஒரு மகன் வளர்ந்தான். மிஷனெரி கதைகளைச் சொல்லும்போது இந்தக் கண்ணீரை விட்டுவிட்டுச் சொன்னால், நாமும் வெள்ளரிக்காயை மாத்திரம் ஞாபகம் வைக்கிற ஜனங்களாகிவிடுவோம். எல்லாத் தகப்பனும் தாயும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் போதிக்கவில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: அவ்வளவு விலை கொடுத்த ஒரு இடத்துக்கு அவர் திரும்பினபோது, கொடுத்த விலைக்குக் கைம்மாறு தேடவில்லை. இன்னும் கொடுக்கவே வந்தார்.

ஆகவே போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதிருங்கள். உங்கள் முதல் வருஷங்களில் வாடகை பாக்கியைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரம்மா உயிரோடிருந்தால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கடனுக்கு அரிசி கொடுத்த மளிகைக்கடைக்காரர், பிரசவ நேரத்தில் ரசம் வைத்துக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, வேலை கற்றுக்கொடுத்த அண்ணன், இவர்களைத் தேடிப் பாருங்கள். கொடுக்க வேண்டியது ஏதாவது மீதியிருந்தால் கொடுத்துவிடுங்கள். மலையிலிருந்து ஒரு பலாப்பழமோ, கொஞ்சம் மிளகோ கொண்டுபோங்கள்.

நீங்கள் இருந்த அந்த லைன் வீட்டின் கதவைத் தட்டுங்கள். இன்று அங்கே பீகாரிலிருந்தோ ஒரிசாவிலிருந்தோ வந்த ஒரு புதுத் தம்பதி இருக்கலாம். அந்தப் பெண் பாஷை தெரியாமல் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருக்கலாம். "நாங்களும் இதே வீட்டுலதாம்மா இருந்தோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பாஷை புரியாவிட்டாலும் சிரிப்பு புரியும். அன்று உங்களுக்கு யாரோ செய்த உதவியை இன்று நீங்கள் அவளுக்குச் செய்யலாம்.

எஸ்றா 3-ம் அதிகாரத்தில், புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடும்போது, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் சந்தோஷமாக ஆர்ப்பரித்தார்கள் என்று வாசிக்கிறோம். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லையாம். நீங்கள் போகும்போதும் அப்படித்தான் இருக்கும். அழுகை வந்தால் வெட்கப்பட வேண்டாம்.

போக முடியாதவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள். துணையை இழந்த அம்மாமார், ஐயாமார் உண்டு. "அந்த வீட்டை மறுபடி பாக்க எனக்குத் தெம்பில்லை" என்று சொல்லும் அவர்களை யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். பஸ் காசு இல்லாதவர்கள் உண்டு. ஆரம்ப வருஷங்கள் அடியும் உதையுமாகவே இருந்து, அந்த ஊர்ப்பெயரைக் கேட்டாலே நடுங்குகிற சகோதரிகளும் உண்டு. அவர்கள் போக வேண்டியதில்லை. ஆதிக் கிரியைகளைச் செய்வதற்கு ஆதி ஊர் தேவையில்லை. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும், இன்று நாம் இருக்கிற வீட்டிலேயே செய்யலாம். கலியாணமான புதிதில் மனைவிக்குக் குடத்தைத் தூக்கிக் கொடுத்த கை இன்றும் தூக்கிக் கொடுக்கட்டும். அன்று ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்ட காது இன்றும் கேட்கட்டும்.

கிரானி பிராண்ட் 1974 டிசம்பரில், தமது 95-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் கேட்டுக்கொண்டபடியே பெட்டி இல்லாமல், ஒரு பருத்தித் துணியில் சுற்றி, இந்த மலையின் மண்ணிலே புருஷனுக்குப் பக்கத்தில் அடக்கம்பண்ணினார்கள். தன் சரீரம் இந்த மண்ணுக்கே உரமாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அடுத்தமுறை வாழவந்திப் பக்கம் போகிறவர்கள், புருஷனும் மனைவியுமாகச் சேர்ந்து போய், ஒரு நிமிஷம் நின்று தேவனைத் துதியுங்கள். பிறகு அந்த ஊரில் வியாதியாய்க் கிடக்கிறவர் யாராவது உண்டா என்று விசாரித்து, அவர்கள் வீட்டுக்கும் போய்விட்டு வாருங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்து, ஆதி அன்பிலே நிலைநிறுத்துவாராக. ஆமென்.